இடது கை ஆசீர்வாதம்

துக்கத்தோடு எங்கள் ஏரிக்கரைக்கு வந்திருக்கும் பேராயர் ஐயா அவர்களே, சக மூப்பர்களே, பாடகர் குழுவினரே, சந்தையை அடைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் ஹொராஸ், வணக்கம்.

போதகர் மங்காத்தூர் சிலாலாஹி அவர்கள் போய்விட்டார். இருபத்தாறு ஆண்டுகள் நமக்குத் திருவிருந்து பரிமாறியவர். அவரைப் புகழ எனக்குத் தகுதி உண்டா? இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் அவருடைய வலப்பக்கத்தை எடுத்துக்கொண்டது. நாக்கும் குழறியது. அதன்பின் ஐந்தாம் மாதம் ஆலயத்துக்கு வந்தார். பிரசங்கம் முடிந்தது. நிறைவு ஆசீர்வாதத்துக்கு நாம் எல்லோரும் தலை குனிந்தோம். அவர் இடது கையை உயர்த்தினார்.

நாம் யார்? பத்தாக்கு இனத்தார். இடது கையால் ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்தால்கூட மன்னிப்புக் கேட்கிறவர்கள். அந்தக் கையால் ஆசீர்வாதமா? மறுநாளே மூப்பர்களைக் கூட்டினேன். அவர் பிரசங்கம் செய்யலாம், ஆசீர்வாதம் பக்கத்து ஊர்ப் போதகர் கூறுவார் என்று தீர்மானம் எழுதியவன் நான்தான். மீன் விற்கும் ருமொந்தாங் அம்மா ஆலய வாசலிலேயே என்னை மடக்கினார்.

"ரெண்டு கையும் நல்லா இருக்கிற நீங்க இந்தச் சபைக்கு என்னத்தக் கிழிச்சிட்டீங்க மூப்பரே?"

நேரே போதகர் வீட்டுக்கு நடந்தேன். தீர்மானத்தைப் போதகரிடம் படித்துக் காட்டினேன். அவர் கோபப்பட்டாரா? இல்லை.

"சரி மூப்பரே. எனக்கும் அது கூச்சமாத்தான் இருந்துச்சு" என்றார். அதன்பின் பிரசங்கம் முடிந்ததும் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்வார். பதினொரு மாதம் அப்படியே உட்கார்ந்தார்.

அன்பானவர்களே, அந்த நாட்களில் ஜகார்த்தாவில் என் மகன் சவுத் வேலை பார்க்கிறான் என்று உங்களிடம் சொல்லிவந்தேன். அது பொய். போதைப்பொருள் விற்றதற்காக அக்கரைச் சிறையில் இருந்தான், இன்னும் இருக்கிறான். உங்களில் பாதிப் பேருக்கு இது தெரியும் என்பதும் எனக்குத் தெரியும்.

நான்கு மாதம் அவனைப் பார்க்கப் போகவில்லை. பெற்ற மகனைவிட எனக்கு என் மூப்பர் அங்கி பெரிதாக இருந்தது. ஒரு வியாழக்கிழமை மனம் கேட்காமல் போனேன். பார்வையாளர் கூடத்தில் என் மகன் பக்கத்தில் போதகர் உட்கார்ந்திருந்தார். செயலற்ற காலை இழுத்துக்கொண்டு வாராவாரம் படகேறி வந்திருக்கிறார். ஊரில் ஒருவரிடமாவது சொன்னாரா? என்னிடமாவது கேட்டாரா?

விடைபெறும் நேரத்தில் சவுத் மண்டியிட்டு, "ஆசீர்வாதம் பண்ணுங்க ஐயா" என்றான். போதகர் கையைத் தூக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சபைத் தீர்மானம் இருக்கே மூப்பரே. குடுக்கலாமா?"

அது குத்தல் அல்ல. உண்மையாகவே அனுமதி கேட்டார். என் மகன் பக்கத்தில் நானும் மண்டியிட்டேன். அந்த இடது கை அவன் தலையிலும் பிறகு என் தலையிலும் வந்து நின்றது. நான் அழுதேன்.

"ரெண்டு கையும் நல்லா இருந்தப்ப நான்தான் குடுக்கிறேன்னு நெனச்சிட்டிருந்தேன் மூப்பரே," என்றார் குழறலாக. "வலது கை விழுந்தப்புறம்தான் தெரிஞ்சுது, நானும் வாங்கிக்கிறவன்தான்னு."

நொறுங்குண்ட இருதயத்தை ஆண்டவர் புறக்கணிக்கமாட்டார் என்று நாற்பது ஆண்டுகளாக இந்த மேடையில் வாசித்தவன் நான். நொறுங்கிய ஒருவருடைய கையை மட்டும் புறக்கணித்துவிட்டேன். அடுத்த வாரமே தீர்மானத்தை நீக்கினோம். காரணம் கேட்டீர்கள். பக்கத்து ஊர்ப் போதகருக்கு நேரமில்லை என்றேன். அதுவும் பொய். சபையாரே, என்னை மன்னியுங்கள்.

அவருடைய ஊழியத்தைத் தொடர்வோம் என்று எல்லோரும் சொன்னீர்கள். நானும் சொல்கிறேன். வியாழக்கிழமை காலைப் படகில் போகிறேன். அந்தச் சிறைக் கூடத்தில் கைதிகள் அவருக்காகக் காத்திருப்பார்கள். அவர் இறந்த செய்தி அங்கே இன்னும் போய்ச் சேரவில்லை. என் மகனிடம் அதை நான்தான் சொல்ல வேண்டும்.