பின்னால நின்னு குரல் குடுக்கப் பழக்கின ஜெயராணி அக்காவுக்கு

மைக்குல வாயத் தொறந்தா பஸ் ஸ்டாண்டே நிமிர்ந்து நிக்கிற மணிக்குரலே,
பஸ்ஸுக்கு நேரமும் பந்துக்கு வார்த்தையும் பக்குவமா பங்கு வச்ச பெருமகளே,
அதட்டினாலும் அன்பு கொறையாத எங்க டைம் கீப்பர் ஜெயராணி அக்காவே,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும். ஆயுபோவன்.

இந்த மடல முழுக்க செந்தமிழ்ல, நீட்டி நெளிச்சு எழுதணும்னுதான் கென்டின்ல கூடி முடிவெடுத்தோம். மேல இருக்க மூணு வரி வரைக்கும் வந்தோம். அதுக்கு மேல போனா நீங்களே எந்திரிச்சு, "தம்பி, பந்து விழுந்துருச்சு, நீ இன்னும் பேசி முடிக்கல"ன்னு சொல்வீங்கன்னு பயந்துட்டோம். அதனால நீங்க பழக்கின மாதிரியே பேசுறோம். கோவிக்காதீங்க.

தெல்தோட்டையில தேயிலத் தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்து, பள்ளிக்கூடத்துல வொலிபோல் ஆடி, மாவட்ட டீம் வரைக்கும் போயி, அப்பறம் கிளார்க்கா இந்த டிப்போவுக்கு வந்தீங்க. முப்பத்தொரு வருஷம் வேல செஞ்சு, இன்னைக்கு ஓய்வுல போறீங்க. அதுல பாதிக்கு மேல அந்த டைம் கீப்பர் கதிரையில. "பொம்பளை டைம் கீப்பரா?"ன்னு சிரிச்ச ட்ரைவர்மாரு, கொஞ்ச நாள்ல ஒங்க ஜன்னலுக்கு வர்றதுக்கு முன்னாடி சட்ட பட்டன சரிபாத்துக்கிட்டாங்க. கலகெதர பஸ் பிந்திருச்சுன்னா சனங்க எங்கள ஏசுவாங்க. ஒங்கள ஏச மாட்டாங்க. ஏன்னா அதுக்கு முன்னாடியே நீங்க மைக்குல எங்கள ஏசி முடிச்சிருப்பீங்க.

காலம் தவறாத கடமையாளியே, கோவத்துலயும் கணக்கு தவறாத நீதியாளியேன்னு இன்னும் நெறைய சொல்லலாம். ஆனா இன்னைக்கு நாங்க நன்றி சொல்ல வந்தது அந்த கதிரைக்கு இல்ல. டிப்போவுக்கு பின்னால இருக்கிற அந்த மண் வொலிபோல் கோட்டுக்கு.

அக்கா, நீங்க எங்க டீமுக்கு கோச்சா வர்றதுக்கு முன்ன டிப்போ எப்பிடி இருந்துச்சுன்னு புதுசா வந்தவங்களுக்கு தெரியாது. கென்டின்ல ஃபேனுக்கு கீழ ட்ரைவர்மாரு. கை கழுவுற எடத்துக்கு பக்கத்துல கொண்டக்டர்மாரு. வேர்க்‌ஷொப் ஆக்கள் வெளிய பழைய டயர் மேல. பால் போடாத ஒரே பிளேன்டிய மூணு எடத்துல குடிச்சோம். வொலிபோல் டீமும் அப்பிடித்தான். வருஷா வருஷம் போட்டியில மொத மெச்சுலயே தோத்து வீட்டுக்கு வந்தோம். ஆட தெரியாம இல்ல. பந்து ரெண்டு பேருக்கு நடுவுல விழும். கொண்டக்டர், ட்ரைவர் எடுப்பாருன்னு நிப்பான். ட்ரைவர், கூட ஆடுற டிப்போ மெனேஜர் எடுப்பாருன்னு நிப்பாரு. மெனேஜர் எங்கள பாப்பாரு. பந்து மண்ணுல கெடக்கும்.

அப்பிடி ஒரு மெச்சுக்கு நீங்க சாரியோட, கம்பி ஒடஞ்ச குடையோட வந்து ஓரமா நின்னீங்க. முடிஞ்சதும் கிட்ட வந்து கேட்டீங்க:

"ஏன்டா, பஸ்ஸ பின்னுக்கு எடுக்கும்போதும் இப்பிடித்தான் வாய மூடிக்கிட்டு நிப்பீங்களா?"

மலை ரோட்டுல வேல செய்யிறவங்களுக்கு இது புரியும். வளைஞ்சு திரும்புற முடக்குல எதிர பஸ் வந்துட்டா பின்னுக்கு எடுக்கணும். கடைசி பஸ் ஹோல்ட்டுல திருப்பணும்னாலும் பின்னுக்கு எடுக்கணும். கண்ணாடியில ட்ரைவருக்கு பாதிதான் தெரியும். மிச்ச பாதி கொண்டக்டரோட தொண்டையில இருக்கு. அவன் எறங்கி பின்னால போயி பஸ்ஸோட ஒடம்புல தட்டி "வரட்டும், வரட்டும்"பான். கொண்டக்டர் பண்டார ஐயான்னா அதையே சிங்களத்துல "என்ட, என்ட"ன்னுவாரு. "நில்லு"ன்னா பிரேக். "ரைட்"னா கெளம்பு. இதுல தமிழ் எது, சிங்களம் எது, இங்கிலீஷ் எதுன்னு இந்த டிப்போவுல ஒருத்தரும் கேட்டதில்ல. எல்லாருக்கும் தெரிஞ்ச பாஷை அது ஒண்ணுதான்.

அதையே எடுத்து கோட்டுல வச்சீங்க. பந்து எனக்குன்னா "வரட்டும்". வெளிய போற பந்து, தொடாதன்னா "நில்லு". பொயின்ட் போயிருச்சுன்னா "ரைட்". ஏறாத ஆளுக்காக பஸ் திரும்பிப் போகாது, போன பொயின்டுக்காக நாம நின்னு வாதாட மாட்டோம், அவ்வளவுதான்னு சொன்னீங்க. அண்ணே, சேர், மாத்தயான்னு கூப்புடுற மரியாதை எல்லாத்தையும் செருப்போட கோட்டுக்கு வெளிய கழட்டி வைக்கச் சொன்னீங்க.

மத்த டீம் கோச்மாரு "நாம எல்லாம் ஒரே குடும்பம்"னு சொல்றத நாங்க கேட்டிருக்கோம். நீங்க ஒருநாளும் சொன்னதில்ல. "குடும்பத்துல பேசாம கூட இருக்கலாம்டா. பந்து வந்தா பேசணும்"னு சொல்வீங்க. விசிலும் ஊத மாட்டீங்க. "விசில் நடுவருக்கு. வாய் நமக்கு."

மொத வாரமே வேர்க்‌ஷொப் ரமேஸ், மெனேஜர் சேரப் பாத்து "நில்லு"ன்னு கத்திட்டாரு. சும்மா இல்ல, "நில்லுடா"ன்னு. ரமேஸ் அப்பவே எடமாற்றத்துக்கு மனசளவுல பெட்டி கட்டிட்டாரு. நீங்க மெதுவா கேட்டீங்க:

"பந்து வெளிய போச்சா?"

"போச்சு அக்கா."

"அப்ப என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? போடு சேர்வீஸ்."

மெனேஜர் சேர்தான் மொதல்ல சிரிச்சாரு. அடுத்த நாள் ஒஃபிஸ்ல அவரு சேர்தான், ரமேஸ் ரமேஸ்தான். ஆனா அதுக்கப்பறம் எங்க கோட்டுல பந்து ரெண்டு பேருக்கு நடுவுல சும்மா விழல.

இப்ப சொல்லப்போறத, சம்பந்தப்பட்ட ரெண்டு பேர்ட்டயும் கேட்டுட்டுத்தான் எழுதுறோம். அவங்க ரெண்டு பேரும் இந்த மடல வாசிக்கிற இந்த மண்டபத்துலதான் இருக்காங்க.

தெல்தோட்டை கடைசி ஹோல்ட்டுல, நல்ல மழையில, நிரஞ்சன் பஸ்ஸ பின்னுக்கு எடுத்தாரு. கொண்டக்டர் ஸிபான். பஸ்ஸு கல்லுக்கட்டுல மோதி, பின் டயர் சில்லு தண்ணி ஓடுற கானுக்குள்ள எறங்கிருச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல, கண்ணாடி மட்டும் போச்சு. விசாரணையில நிரஞ்சன் "கொண்டக்டர் சத்தமே குடுக்கல"ன்னாரு. ஸிபான் "நில்லுன்னு கத்துனேன், அவருதான் நிப்பாட்டல"ன்னான். ரெண்டு பேருக்கும் எச்சரிக்கை குடுத்து விசாரணைய முடிச்சாங்க. பஸ்ஸ ஒட்டு போட்டு சரி செஞ்சிட்டாங்க. ஸிபானோட பேரத்தான் ஒருத்தரும் சரி செய்யல.

அவனுக்கு "ஊமை"ன்னு பேரு வச்சாங்க. எந்த ட்ரைவரும் அவனோட போக மாட்டேன்னுட்டாங்க. காலையில ஒங்க ஜன்னலுக்கு வந்து, "அக்கா, ஊமைய மட்டும் எனக்கு போட்டுறாதீங்க"ன்னு சொல்லிட்டு போவாங்க. அவன் அங்கேயே, கைப்பைய நெஞ்சோட வச்சுக்கிட்டு நின்னு கேட்டுக்கிட்டு இருப்பான். கொஞ்ச காலத்துல நெசமாவே பேச்ச கொறச்சிட்டான். கட்டாருக்கு போறேன்னு பாஸ்போர்ட்டும் எடுத்துட்டான்.

அவனத்தான் நீங்க டீமுக்கு கூப்புட்டீங்க.

"எனக்கு வெளாட தெரியா அக்கா."

"வெளாட யாரு கூப்புட்டா? கத்தத்தான் கூப்புட்டேன். பின்னால நில்லு. தெரியிறத கத்து."

நிரஞ்சன் எங்க டீம்ல நெட்டுல நிக்கிற ஆளு, பெரிய அடி அடிப்பாரு. ஸிபான் இருந்தா நான் இல்லன்னுட்டாரு. நீங்க கெஞ்சல. "சரி, போங்க. ஆனா ஒங்களுக்கு பின்னால யாரு நிக்கணும்னு நீங்க சொல்லாதீங்க, நீங்க முன்னால பாக்குற ஆளு"ன்னீங்க. அவரு போனாரு. ரெண்டு வாரம் கழிச்சு, சும்மா பாக்க வந்தேன்னு வந்தாரு. சும்மா பாக்க வந்தவரு கால்ல பூட்ஸ் போட்டிருந்தாரு. நீங்க அத பாத்தும் பாக்காத மாதிரி இருந்தீங்க.

பொறகு அந்த டயர் வேல. பழைய டயருங்கள டிப்போ யார்ட்ல அங்கங்க போட்டு, ஒருத்தர் நெட்ட பாத்தபடியே பின்னுக்கு நடக்கணும், இன்னொருத்தர் பின்னால நின்னு குரல் குடுக்கணும். நிரஞ்சனுக்கு ஸிபானத்தான் ஜோடி போட்டீங்க. அவன் கத்துவான், இவரு கேக்காத மாதிரி கழுத்த திருப்பி திருப்பி பாப்பாரு. பாத்துக்கிட்டே வந்து டயர்ல தடுக்கி விழுவாரு. "கழுத்துல என்ன, கண்ணாடியா மாட்டியிருக்கீங்க?"ன்னு கேப்பீங்க. நாங்க சிரிப்போம். அவரு எந்திரிச்சு மண்ண தட்டிட்டு மறுபடி திரும்பித்தான் பாப்பாரு. ஒரு மழைக்காலம் முழுக்க இப்பிடித்தான் போச்சு. ஸிபானோட தொண்டை கட்டிப் போயிரும். நீங்க ஃபிளாஸ்க்ல இருந்து கொத்தமல்லித் தண்ணி ஊத்திக் குடுப்பீங்க. "குடிச்சிட்டு கத்து."

அம்பிட்டிய மைதானத்துல போன வருஷம் நடந்த அரையிறுதி எங்க யாருக்கும் மறக்காது. கடைசி செட். அந்த ஒரு பொயின்ட் போனா எங்களுக்கு வீடுதான். எதிர் டீம் அடிச்ச பந்து ஒசரமா, நீளமா, நிரஞ்சனோட தலைக்கு மேல வந்துச்சு. ஒரு எட்டு பின்னுக்கு வச்சு எகிறினா கை படும். உள்ள விழுற பந்தா, வெளிய போற பந்தான்னு அவருக்கு தெரியாது. கோடு அவருக்கு பின்னால இருக்கு. கைய தூக்கிட்டாரு.

"நில்லு!"

ஸிபானோட குரல். எங்க டீம் பக்கம் கொடியோட நின்ன லைன் நடுவரே ஒரு நொடி ஆடிப்போயிட்டாரு.

நிரஞ்சன் கைய எறக்கினாரு. அக்கா, அவரு திரும்பிப் பாக்கல. நெட்டையே பாத்துக்கிட்டு, எறக்கின கையோட அப்பிடியே நின்னாரு. பந்து கோட்டுக்கு வெளிய ஒரு சாண் தள்ளி விழுந்துச்சு.

மெச்ச ஜெயிச்சோம். அதுக்கப்பறம் பைனல்ல நல்லா தோத்தோம், அத இந்த மடல்ல மறைக்கிறதுக்கு இல்ல. "ரைட்"னு சொல்லிட்டு பஸ் ஏறினோம். வர்ற வழியில நிரஞ்சன் எந்திரிச்சு போயி ஸிபான் பக்கத்துல ஒக்காந்தாரு. முன் சீட்டுல இருந்தவங்க எல்லாம் தூங்குற மாதிரி நடிச்சிக்கிட்டு கேட்டுக்கிட்டுதான் இருந்தோம்.

"அன்னைக்கும் இப்பிடித்தான் கத்துனியா?"

"இதவிட பெருசா அண்ணே."

நிரஞ்சன்தான் மறுபடி சொன்னாரு:

"அன்னைக்கு மழை."

"ஓ. மழதான்."

அடுத்த வேல நாள் காலையில நிரஞ்சன் ஒங்க ஜன்னலுக்கு வந்தாரு. அங்க மத்த ட்ரைவர்மாரும் இருந்தாங்க, வேணும்னேதான் அந்த நேரத்துக்கு வந்தாரு. "தெல்தோட்டைக்கு எனக்கு ஸிபான போடுங்க அக்கா. அன்னைக்கு அவன் கத்துனான். எனக்குத்தான் கேக்கல"ன்னாரு. நீங்க தலைய தூக்காம, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, எடுங்க"ன்னீங்க. அவரு போன பொறகு ரொம்ப நேரம் மைக்குல அறிவிப்பே வரல. ஏன்னு நாங்க கேக்கல. இப்பவும் கேக்கல.

ஸிபானோட பாஸ்போர்ட் வீட்டு அலுமாரியிலதான் இருக்கு. ஹஜ்ஜுக்கு உம்மாவ கூட்டிட்டு போக வச்சிருக்கானாம். இப்ப அவன ஊமைன்னு கூப்புட யாராவது வாயெடுத்தா நிரஞ்சன் திரும்பிப் பாப்பாரு. அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அவரு இன்னும் திரும்பிப் பாப்பாரு.

கென்டின்ல சண்டை வரலன்னு சொல்ல மாட்டோம், வருது. ஆனா யாராவது ஒருத்தர் "ரைட்"னு சொன்னா மத்தவரு பிளேன்டிய எடுத்துக்குவாரு. ஃபேனுக்கு கீழ இப்ப யாரு வேணும்னாலும் ஒக்காருறாங்க. வேர்க்‌ஷொப் ஆக்கள் மட்டும் இன்னும் டயர் மேலதான். அதுதான் வசதின்னு சொல்றாங்க.

நீங்க போன பொறகு டீமுக்கு யாரு கோச்னு போன வாரம் கேட்டோம். "கத்துறவன்தான் இருக்கானே"ன்னு சொல்லிட்டு குடைய எடுத்துக்கிட்டு போயிட்டீங்க. சரி அக்கா. திங்கக்கெழம பின்னேரம் ஸிபான்தான் டயர் அடுக்குறான். கொத்தமல்லித் தண்ணி மட்டும் யாருக்கும் ஒங்கள மாதிரி போட வரல.

வீட்டுல ஒங்க மகள் தர்ஷிகா சொல்றாங்க, குசினியில சமைக்கிறப்பவும் நீங்க "வரட்டும்"னுதான் கத்துறீங்களாம். இனி அந்த வீட்டுக்குத்தான் முழு நேரமும் அந்த குரல். முழங்கால் வலி கொறஞ்சு, நல்ல தூக்கம் வந்து, பேரப்புள்ளைங்களுக்கு பந்து போட்டுக் குடுத்து, நூறு மழைக்காலம் நீங்க நல்லா இருக்கணும். கதிர்காமத்துக்கும் பள்ளிவாசலுக்கும் தலதா மாளிகைக்கும் அவங்கவங்க போயி ஒங்களுக்காக கேட்டாச்சு.

கடைசியா ஒண்ணு. ஒங்கள வீட்டுக்கு கூட்டிட்டுப் போற பஸ்ஸு யார்ட்ல செவத்தப் பாத்து நிக்கிது. வேணும்னேதான் அப்பிடி நிப்பாட்டியிருக்கோம். பின்னுக்கு எடுத்துத்தான் வெளிய போகணும். ஸ்டீரிங்குல நிரஞ்சன். பின்னால ஸிபான். மொத சீட்டு ஒங்களுக்கு. வெளிய மழையும் புடிச்சிருச்சு, அவன் பெருசா கத்துவான். நிரஞ்சன் திரும்பிப் பாக்க மாட்டாரு.

நீங்களும் திரும்பிப் பாக்காதீங்க அக்கா. பின்னால நாங்க நிக்கிறோம்.

இப்பிடிக்கு,
ஒங்க குரல் கேட்டு வேல பழகின
டிப்போ ட்ரைவர்மார், கொண்டக்டர்மார், வேர்க்‌ஷொப், ஒஃபிஸ் ஆக்கள்,
அதோட ஒங்க வொலிபோல் டீம்
கண்டி