கதவில் இரண்டு டிக்

சாயங்காலம் ஏழு மணிதான். ஆனால் மழை இருட்டு. ஒரு விளக்குகூட எரியாத ரோடு. ஒரு பெண் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வருகிறாள்... நின்று, போனில் பேசிப் பதிவு செய்து அண்ணனுக்கு அனுப்புகிறாள்.

"அண்ணா, வண்டி நின்னுடுச்சு. இங்க ஒரே இருட்டா இருக்கு. வந்து கூட்டிட்டுப் போ."

அண்ணன் கேட்டான். கேட்டுவிட்டு, திரையில் பாதியில் விட்ட வேலைக்குத் திரும்பிவிட்டான். கொஞ்ச நேரத்தில் அந்த ரோட்டில் ஒரு லாரி வந்தது... "போன் ஆஃப்ல இருந்துச்சும்மா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டான்.

இன்னும் கிட்டே வந்து உட்காருங்கள். இது என் நண்பனுடைய மச்சான் சொன்னது. கண்காட்சிக்கூடத்தில் ஒயரிங் பார்ப்பவர். புளுகினால் அவருக்கு விக்கல் வந்துவிடும். இதைச் சொன்னபோது வரவில்லை.

அண்ணன் கம்ப்யூட்டரில் கலை செய்பவன். அடுத்த வருஷமே தங்கையின் அந்தக் குரலைக் காட்சிக்கு வைத்தான். ஒரு இருட்டறை, ஒரு ஸ்பீக்கர், கதவில் ஒரு சென்சார். யாராவது நுழைந்தால் 'டிக்'. ஒவ்வொரு டிக்குக்கும் பதிவில் கொஞ்சம் அழியும். நகல் கிடையாது. "நகல் வச்சிருந்தா அதுக்குப் பேரு ஞாபகமா?" என்று பேட்டி கொடுத்தான். கைதட்டினார்கள்.

அம்மா தினமும் வந்தாள். மகளின் குரல் வேறெங்கும் இல்லை. அவள் நுழைவதாலேயே அது அழிகிறது என்று அவன் சொல்லவே இல்லை. கேட்டு நிற்கும் அவள் முகத்தைக் கேமராவில் பிடித்துக்கொண்டிருந்தான், அடுத்த கண்காட்சிக்காக. பாவி.

மச்சான் ஒன்றைக் கவனித்தார். எல்லோருக்கும் ஒரு டிக். அம்மா நுழைந்தால் மட்டும்... டிக். டிக். கூடவே ஈரத்துணி வாசனை, கொஞ்சம் பெட்ரோல். வெளியே நல்ல வெயில்.

"சார், சென்சார் கோளாறு போல. அம்மாவுக்கு ரெண்டு விழுது."

"விழட்டும். சீக்கிரம் முடிஞ்சா நல்லதுதான்."

கடைசியில் ஒரே சொல் மிஞ்சியது. "அண்ணா..." அம்மா நுழைந்தாள். அதுவும் போயிற்று. அவள் அழாமல் வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் மட்டும் உள்ளே நின்று கேமராவைக் கழற்றிக்கொண்டிருந்தான். மச்சான் வாசலிலேயே நின்றார். யாரும் உள்ளே போகவில்லை... ஆனால், டிக்.

மச்சான் எட்டிப் பார்த்தார். கேமரா தரையில் கிடந்தது. அவனைக் காணோம். அந்த அறைக்கு வேறு கதவும் கிடையாது.

ஸ்பீக்கர் கரகரத்தது.

"அம்மா... இங்க ஒரே இருட்டா இருக்கு. வந்து கூட்டிட்டுப் போ."

அவன் குரல்.

மறுநாள் அம்மா வந்தாள். மச்சான் கதவை மறித்தார்.

"உள்ள போகாதீங்கம்மா. நீங்க போகப் போக உங்க பையன் குரல் அழிஞ்சிடும்."

"தெரியும் தம்பி," என்றாள். "அவ எல்லாத்தையும் சொல்லிட்டா."

போனாள். டிக்... டிக்.

வெளியே வந்து கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். திரும்ப உள்ளே போனாள்.