முப்பத்தி நாலு அடி

அவள்: டேப்பை இழுத்துப் பிடிங்க... தொய்யுது பாருங்க.

அவன்: பிடிச்சுட்டுத்தான் இருக்கேன். கொல்லைக் கதவுலேர்ந்து எல்லைக்கல்லு வரைக்கும் எவ்வளவு வருது?

அவள்: முப்பத்தி நாலு அடி.

அவன்: கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாரு. முப்பத்தி ரெண்டா இருக்கும்.

அவள்: போட்டுக்கிட்டுத்தான் சொல்றேன். நானும் முப்பத்தி ரெண்டுதான் வரும்னு...

அவன்: வரும்னு?

அவள்: ஒண்ணுமில்ல. இன்னொரு தடவை அளப்போம்.

அவன்: இதோட மூணு தடவை ஆச்சு. பத்து மணிக்கு பேங்க்லேர்ந்து இடத்தை மதிப்பு போட ஆளு வந்துருவாரு.

அவள்: பத்திரத்துல முப்பதுன்னுதானே இருக்கு?

அவன்: அது தெரியும்.

அவள்: தெரிஞ்சுமா முப்பத்தி ரெண்டுன்னீங்க?

அவன்: நீயுந்தானே சொன்னே?

அவள்: ...டேப்புதான் கோளாறு. மலிவா கிடைச்சா கண்ணை மூடிட்டு வாங்கிருவீங்க.

அவன்: அந்த மலிவுலதான் இந்தக் கொல்லையே உருப்பட்டுச்சு. முள்ளு வெட்டி, உடைஞ்ச செங்கலைப் பொறுக்கி நடைபாதை போட்டு, காலி பெயிண்ட் டப்பாவுல செடி வச்சு... காசு போட்டு வாங்கினது ரெண்டு மூட்டை சிமெண்டு.

அவள்: எல்லாம் சரி. வீட்டு மதிப்பு ஏறினாத்தான் கடன். கடன் வரலன்னா என் தையல் கடை அம்போ. இப்ப அளவு இடிச்சா, வந்தவர் அப்படியே திரும்பிப் போயிருவாரு.

அவன்: கல்லோரமா போட்ட நம்ம பெஞ்சு வேற பக்கத்து வீட்டு ஐயா இடத்துல நிக்குது.

அவள்: பாவம், நம்மளை நம்பித்தான் மனுஷன் வேலியே போடாம இருக்காரு. ஒருவேளை பத்திரம் தப்போ?

அவன்: பத்திரம் எப்படித் தப்பாகும்?

அவள்: என்னைப் பாருங்க. டேப்பை இல்ல, என்னை.

அவன்: ...சரி, சொல்லிடறேன். பெஞ்சு போட இடம் பத்தல. நீ உங்க அக்கா வீட்டுக்குப் போன அன்னைக்கு, கல்லை ரெண்டடி தள்ளி நட்டுட்டேன். வீட்டு மதிப்பு ஏறட்டும்னு, உன் கடைக்காகத்தான். வெட்கமா இருக்கு... திட்டாத.

அவள்: திட்டல.

அவன்: ஏன் திட்டல? சத்தியமா ரெண்டே அடிதான். மீதி ரெண்டடி எங்கேர்ந்து வந்துச்சுன்னுதான் புரியல. தலை சுத்துது.

அவள்: அது... அதுக்கு முந்தின வாரம், நீங்க வேலைக்குப் போயிருந்தப்ப...

அவன்: நீயா? அவ்வளவு பெரிய கல்லை ஒண்டியா எப்படித் தோண்டினே?

அவள்: ஒண்டியா எங்க... செடி வைக்க இடைஞ்சலா இருக்குன்னு சொன்னேன். பக்கத்து வீட்டு ஐயாவே கடப்பாறையோட வந்து தோண்டி எடுத்து, "கல்லை எங்கே வைக்கட்டும்மா?"னு கேட்டாரு.