கடல் தாத்தாவின் ஆணி

பழைய படம் வாங்குகிறவன் முதலில் அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கடைச்சீட்டும் தேதியும் பிரேமின் முதுகில்தான் இருக்கும். தாமரைச்செல்வி அக்காவுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான், ஐயா.

நான் சேர்ப்பவை செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த முகங்கள். பிரெஞ்சுத் தளபதிகள், மந்திரிகள். காரைக்காலில் என் அறைச் சுவரில் பதின்மூன்று பேர் இருக்கிறார்கள். யாரும் சத்தம் போடுவதில்லை. அதில் ஒரு கப்பல் தளபதி வலப்பக்கம் பார்த்தபடி இருப்பார். அவர் ஜோடியில் பாதி. இடப்பக்கம் பார்க்கும் அவருடைய தம்பி, போலகத்தில் அக்காவின் அப்பா உத்திராபதி வீட்டில் தொங்கினார், நெற்றியில் சந்தனம் குங்குமத்தோடு. குடும்பத்து முன்னோர் என்று நினைத்து 'கடல் தாத்தா' என்றார்கள். பொய்முடியைப் பார்த்தும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இரண்டு வருடம் கேட்டேன். பெரியவர் சிரிப்பார்.

"செவுத்துல இருக்கறது ஒத்த ஆணி, தம்பி. நான் போனா என் படத்த அதுல மாட்டணும்ல? அப்ப தாத்தாவத் தூக்கிட்டுப் போயிடு."

நியாயமான பேச்சு. ஒப்பந்தமாகவே எடுத்துக்கொண்டேன்.

எண்பத்தொரு வயதிலும் அமாவாசைதோறும் அவரே முக்காலியில் ஏறித் தாத்தாவுக்குப் பொட்டு வைப்பார். கீழே கருங்கல் தரை. பதினாறாம் தேதி மாலை அங்கே காப்பி குடிக்கப் போனபோது, முக்காலியின் ஒரு காலைப் பிடித்திருந்த ஆப்பைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் அமாவாசை. காலை எட்டு மணிக்கு விழுந்தார். பிறகு எழவில்லை.

பத்து மணிக்குப் பெரியவரின் படத்தோடு போய் நின்றேன். பொங்கலுக்கு நானே எடுத்த போட்டோ. மாலைக்கு இடம் விட்ட பிரேம். தோற்றம், மறைவு இரண்டும் தங்க எழுத்தில். கடையில் நாலு நாள் ஆகும் என்றதால் முன்கூட்டியே கொடுத்திருந்தேன். கடைக்காரர் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தார். துக்க வீட்டில் வெறும் ஆணி தெரிந்தால் நன்றாகவா இருக்கும்?

நான் தாத்தாவை இறக்கிக்கொண்டிருந்தேன். அக்கா அழுதபடியே அப்பாவின் படத்தை வாங்கி, பழக்கதோஷத்தில் திருப்பினார்.

"ஏன் தம்பி, பன்னெண்டாந் தேதி போட்ட பிரேமுல பதினேழாந் தேதி சாவு எப்படி வந்துச்சு?"

சரியான கேள்வி. நல்ல மாணவி.

ஆமாம் ஐயா, நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள். சாட்சிக்காக மேசைமேல் வைத்திருக்கும் இரண்டு தளபதிகளை மட்டும் இடம் மாற்றி வையுங்கள். அண்ணனும் தம்பியும் முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறார்கள். பார்க்க மனசு தாங்கவில்லை.