பஞ்சு வைத்த இடம்

உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைப்பதில் நான் ஒருநாளும் சோம்பல் பட்டதில்லை, நல்லையா டிரெசர். அந்த விஷயத்தில் என்னைக் குறை சொல்ல முடியாது.

என் வீட்டுக்காரர் பொன்னுதுரைக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டபோது காஜா பேராங் ஊரே கூடி அழுதது. எனக்கு அழுகை வரவில்லை. அவருக்கு வாய் கோணியதே தவிர அதிகாரம் கோணவில்லை. படுத்த இடத்திலிருந்து கண்ணாலேயே ஏவினார். நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து பேட்டரிப் பெட்டியைக் கொண்டுவந்து, நனைத்த பஞ்சு வழியாகக் கைக்கு மின்சாரம் கொடுக்க என்னைப் பழக்கினீர்கள்.

"பஞ்சைப் பின்கையில வையுங்கோ அம்மா, விரல் விரியும். உள்பக்கம் வைச்சா இன்னும் இறுகிப்போகும்" என்றீர்கள். பெரிய வித்தையைச் சொல்லிக்கொடுத்த பெருமை வேறு உங்கள் முகத்தில்.

அப்போது என் மகள் கோகிலாவுக்கு நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை தேவதாஸ், பத்து பெரெண்டாம் விமான நிலையத்தில் குமாஸ்தா. எதற்கெடுத்தாலும் பல்லைக் காட்டுகிற பிள்ளை. மெர்டேகா சுதந்திரக் கொண்டாட்டம் முடிந்த கையோடு கல்யாணம் என்றிருந்தார்கள். இவர் படுத்துவிட்டதால், சித்தப்பா சுப்பையன் தாரை வார்த்துக் கொடுக்கட்டும் என்று பேச்சு வந்தது.

"நான் உசுரோட இருக்கேன்ல? எம் பொண்ண இந்தக் கையாலதான் குடுப்பேன். கை வரட்டும்" என்று குழறினார்.

வீம்புக்கு ஒரு குறைச்சலும் இல்லை. மாப்பிள்ளை வீட்டு அசடுகளும் சரியென்று காத்திருந்தன.

அன்றிலிருந்து பஞ்சை உள்பக்கம் வைத்தேன்.

விரல்கள் மடங்கி உள்ளங்கையில் புதையும். அவர் அலறுவார். "வலிச்சாத்தான் கை வரும்னு டிரெசர் சொன்னாருங்க" என்பேன். கட்டிய நாள்முதல் நான் சொன்ன எதையும் நம்பாத மனிதர் அதை நம்பினார். நகம் சதையில் இறங்கிப் புண்ணானபோது நானே மஞ்சள் வைத்துக் கட்டினேன். வேறு யார் இப்படிப் பார்த்துக்கொள்வார்கள்?

பொறுத்துப் பார்த்த தேவதாஸ் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். கோகிலா அடுப்படிச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். காத்திருக்கத் தெரியாதவன் என்ன மாப்பிள்ளை என்று தேற்றினேன். எல்லாம் அவள் நன்மைக்குத்தான்.

இன்று காலை நான் பசாருக்கு மீன் வாங்கப் போயிருந்த நேரத்தில் அவளே பெட்டியை எடுத்திருக்கிறாள். முறை தெரியாமல் பஞ்சைப் பின்கையில் வைத்திருக்கிறாள். நான் வாசலில் நுழையும்போது அவர் விரல்கள் விரிந்துகொண்டிருந்தன. மனிதர் அதைப் பார்த்துக் குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தார்.

"ஏம்மா?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டாள். பிறகு உங்களை அழைத்துவர ஓடினாள்.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். போலீசுக்குச் சொல்வதானால் சொல்லிக்கொள்ளுங்கள். பெட்டியை மட்டும் வைத்துவிட்டுப் போங்கள். புக்கிட் காதிலிலிருந்து கோகிலாவுக்கு இன்னொரு வரன் வருகிறதாம். இந்த மனிதரோடு என்னைத் தனியாக விட்டுவிட்டு, அவள் மட்டும் போய் நன்றாக இருப்பாளாமா?