வலைக்குள் கிடக்கும் பந்து

கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினேன். எதிரே காலேஜ் ஜெர்சி போட்ட இரண்டு பெண் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் கோல்கீப்பர் கையுறையைப் பெரியவளிடம் நீட்டினாள்.

“அக்கா, இத நீங்களே கோச்சுகிட்ட கொடுத்துடுங்க. நான் ஷா ஆலம்ல இறங்கி வீட்டுக்குப் போறேன்.”

“பைத்தியமா லா ஒனக்கு? இன்னிக்குத்தான் சீசனோட முதல் மேட்ச்.”

“ப்ராக்டீஸ் மேட்ச்லயே அஞ்சு கோல் விட்டேன்.”

“டீமே புதுசு. சீனியர்னு நான் ஒருத்திதான் மிச்சம். கேப்டன்னு பேரு, நான் மட்டும் என்னத்தக் கிழிச்சேன்?”

“கோல் விழுந்ததுகூட பரவால்லக்கா. எல்லாரும் முதுகக் காட்டிட்டு நடந்துட்டீங்க. ஒவ்வொரு வாட்டியும் நான் தனியா வலைக்குள்ள போய்க் குனிஞ்சு பந்த எடுத்தேன்.”

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“நானும்தான் நடந்துட்டேன்” என்றாள் பெரியவள். “இனிமே நீ எடுக்காத. நான் வந்து எடுக்கறேன்.”

“இன்னிக்கும் அஞ்சு விழுந்தா?”

“அஞ்சு வாட்டியும் வரேன்.”

ஷா ஆலத்தில் கதவு திறந்து மூடியது. சின்னவள் எழுந்திருக்கவில்லை.

“நீங்க முன்னாடி ஆடுறவங்க. மைதானத்தோட அந்தக் கோடியிலதானே இருப்பீங்க?”

“ஓடி வரேன்.”