குழிக்குள் ஒரு காடு

நிலக்கரிச் சுரங்கத்தை மூடினால், குழியை மண்ணிட்டு நிரப்பி, மரம் நட்டு, அது வேர்பிடிக்கும்வரை பராமரிக்க வேண்டும். பராமரிக்கும் ஊழியருக்கு விடுப்பு உண்டு. இரண்டுமே விதிகள், முதலாவதைத்தான் கடைப்பிடிக்கிறார்கள் போலும்.

பள்ளத்தூரிலிருந்து காரைக்குடி செல்லும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பெண்கள்.

“என் மகன் குழிக்குள்ள காடு வளக்கிறான், வள்ளி.”

“ஒடிசாவுலயா ஆச்சி? சுரங்கத்தை மூடிட்டாகன்னு சொன்னீக?”

“மூடிட்டாக. கரியெடுத்த பள்ளத்துல மரம் நட்டு, அதுக்கு இவனைக் காவல் வச்சிருக்காக. பங்குனி பத்துல எங்க வீட்டுப் படைப்பு. முன்னோருக்கு வேட்டி சேலை வச்சுக் கும்பிடுறப்ப மூத்த மகன் வேணாமா? லீவு கேட்டு நானே எழுதிட்டேன், மேல ‘சிவமயம்’னு போட்டு.”

“ஒடிசாக் கம்பெனிக்குத் தமிழ்லயா? வெளங்கிரும்!”

ஆச்சி சன்னலுக்கு வெளியே பார்த்தார். “நேத்துக் கனவுல அந்தப் பள்ளத்துல நடந்தேன். கரியே இல்ல. பூவரச நிழல்ல இவன் தூங்குறான். எழுப்ப மனசு வரலை.”

பிறகொரு நாள் அதே பேருந்தில் அதே இருவர். ஆச்சி கையில் கடிதம்.

“மொழிபெயர்க்க அனுப்பி, படிச்சுப் பாத்து, லீவு குடுத்துட்டாக.”

“என்னைக்கு வந்துச்சு?”

“பங்குனி பதினொண்ணு.”